தோட்டக் கணக்கில் ஒரு பெஞ்சு

என்னங்க, உங்களுக்கு என் வணக்கம். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நானும் பேத்தியும் சுகம்.

மகன் இங்கே வீட்டுக்கு முன்னால் தோட்டம் போடப் போகிறான். நேற்று தோட்டக்காரர் வந்து செலவை எழுதிக் கொடுத்தார். இருக்கிற மண்ணை அள்ள ஒரு கூலி, வேறு மண் கொண்டுவர ஒரு கூலி. "மண்ணுல என்னப்பா பழசு, புதுசு?" என்று கேட்டேன். "சும்மா இரும்மா" என்று மகன் அடக்கிவிட்டான்.

செலவு கைமீறவே மருமகள் அந்தத் தாளில் நீரூற்றைக் கோடு போட்டு அடித்தாள், விளக்குகளையும் அடித்தாள். மரநிழலில் போடும் பெஞ்சில் மட்டும் கைவைக்கவில்லை. "அது மாமா உக்கார, அத்தை" என்றாள். நாம் வீடு கட்டும்போது செலவைக் குறைக்க உங்கள் அக்கா முதலில் அடித்தது என் துவைக்கிற கல்லைத்தான். அது எனக்குச் செத்தாலும் மறக்காது. இவள் இப்படிச் செய்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என்னை ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இப்போது உங்களையும் இங்கேயே இருத்தப் பார்க்கிறார்களா? சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா, ஒன்றும் புரியவில்லை. நீங்களே கேளுங்கள், நான் கேட்க மாட்டேன்.

யாராவது வந்தால் என் களைக்கொத்தைக் கொடுத்தனுப்புங்கள். பேத்தி எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். நம் வாசல் பெஞ்சின் உயரத்தை அளந்து எழுதுங்கள். கால் தொங்கினால் உங்களுக்கு மூட்டு வலிக்கும்.