குழியை மூடும் முன்

பிப்ரவரி 4

திரு. சுற்றுலா வழிகாட்டி அவர்களுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ என் தங்கையின் கணவன் என்பதற்காகத்தான் பொறுத்திருந்தேன். நான் அகழாய்வுத் துறையை விட்டு வெளியேறியபோது பேசவில்லை. கல்லூரியில் சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளுகிறபோதும் பேசவில்லை. இன்று என்னைப் பேசவைத்தவள் என் மாணவி ஒருத்தி.

உன் பஸ்ஸில் வந்தாளாம். 'ஒரே நாளில் ஒரு யுகம்' என்று பஸ் நிலையச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறாயே, அதே பஸ். வகுப்பில் எழுந்து நின்று, "சார், அந்த கைடு செம சார். ஒரு தேதிகூடச் சொல்லல, ஆனா எல்லாம் புரிஞ்சுது" என்கிறாள். தேதி சொல்லாத வரலாறு! நான் வாராவாரம் கரடியாகக் கத்துவதெல்லாம் வீண். நீ மைக்கைப் பிடித்துக் கூவினால் புரிந்துவிடுகிறது.

அந்த மேட்டுக்கும் கூட்டிப் போகிறாயாம். நாம் இருவரும் சேர்ந்து தோண்டிய கற்குழியைக் காட்டுகிறாயாம். எந்த முகத்தோடு காட்டுகிறாய்? அது ஊருக்குள் நுழைகிறவர்கள் கால் கழுவிய இடம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ அறிக்கையில் 'வழிபாட்டிடம்' என்று எழுதினாய். மேலே இருப்பவர்களுக்கு எது இனிக்கும் என்று உனக்குத் தெரியும். கால் கழுவிய இடத்தைத் திறந்து வைக்க எந்த மந்திரி வருவான்? என் வாதம் அடிக்குறிப்புக்குப் போயிற்று. எறும்பு எழுத்தில், 'வேறு கருத்தும் உண்டு' என்று. அது யாருடைய கருத்து என்றுகூட இல்லை.

என் மாணவர்களை இனி உன் பஸ்ஸில் ஏற்றாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
முனைவர், தலைவர், வரலாற்றுத் துறை

*

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று உன் கோபத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கடிதத்தைப் பிரித்தது உன் தங்கைதான். "அண்ணன் எழுத்து இன்னும் குண்டு குண்டா அழகா இருக்குங்க" என்று பூரித்தாள். உள்ளே படித்துவிட்டு, "உங்களுக்கு நல்லா வேணும்" என்று என்னிடம் நீட்டினாள். அண்ணனும் தங்கையும் எப்போதும் ஒரே கட்சி. அவள் போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை என்று ஒரு மூச்சு புலம்பினாள். அதை மட்டும் மாற்றிக்கொள். என் மேல் உள்ள கோபத்தை அவள் ஏன் சுமக்க வேண்டும்?

ஒரு செய்தி. குழியை மூடப் போகிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கிக் கற்கள் உப்புப் பூக்கின்றன. வலையை விரித்து மணலைக் கொட்டி நிரப்பிவிடுவதுதான் பாதுகாப்பு என்று துறையில் முடிவாகிவிட்டது. முடிவு சரிதான், நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். ஆனால் அதற்கப்புறம் நம் ஆயுளில் யாரும் அதைத் திறக்கப் போவதில்லை. நீ போனவன் போனவன்தான், திரும்பி வந்து பார்க்கவே இல்லை.

ஒருநாள் என் பஸ்ஸில் வா. யாரோ ஒரு பயணியாக வா. திட்ட வேண்டியதை இறங்கியபின் திட்டு. பஸ்ஸுக்குள் மட்டும் பாடம் நடத்தக் கூடாது.

உன்,
கரண்டி

(கூலியாட்கள் வைத்த பெயர்களை மறந்துவிட்டாயா, பிரஷ்ஷு? நீ பிரஷ்ஷால் தூசி தட்டி முடிப்பதற்குள் நான் கொத்துக்கரண்டியோடு அடுத்த குழிக்குப் போய்விடுவேன் என்று சிரிப்பார்களே.)

*

பிப்ரவரி 19

வழிகாட்டி அவர்களுக்கு,

வருகிறேன். உனக்காக அல்ல, குழிக்காக. கடைசி வரிசை ஜன்னலோரம் வேண்டும். என்னை யாருக்கும் அறிமுகம் செய்யக் கூடாது. பஸ்ஸில் மச்சான் என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவேன். நானும் வாய் திறக்க மாட்டேன்.

தங்கையிடம் பேசிவிட்டேன். பாதி நேரம் அழுதாள், பாதி நேரம் உன்னைப் புகழ்ந்தாள். முதல் பாதி பரவாயில்லை.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறைத் தலைவர்

*

மார்ச் 2

அன்புள்ள மச்சான்,

பஸ் நின்றதும் கூட்டத்தில் கரைந்துவிட்டாய். எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உன் சீட்டில் தண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது. நாள் முழுக்க உன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேசினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிடித்ததா இல்லையா, அதையாவது சொல்.

இன்னொன்று. மணல் நிரப்பிய பின் அங்கே ஒரு பலகை நடுவார்களாம். வாசகத்தை என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பேசுகிறவன், எழுதினால் வழவழ என்று போகும். நீ எழுது. கீழே உன் பெயரைப் போடச் சொல்கிறேன், பட்டத்தோடு, பெரிய எழுத்தில்.

மணல் போடுவது இருபதாம் தேதி. வருவாயா?

கரண்டி

*

மார்ச் 9

மாப்பிள்ளை,

பிடித்ததா என்று கேட்டிருக்கிறாய். குறை கண்டுபிடிப்பதற்கென்றே வந்தேன். காலையில் உன் தொப்பியைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலில் துறவிகளின் குகை. கல்வெட்டைப் படித்துக் காட்டுவாய், பிழை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். நீயோ பயணிகளில் அந்தத் துணிக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கற்படுக்கையில் படுக்கச் சொன்னாய். மனிதர் படுத்ததும் கண்ணை மூடிவிட்டார். அவர் மனைவி, "நாலு மாசமா மெத்தை சரியில்லன்னு என் உயிரை வாங்கின மனுஷன், கல்லுல எப்படித் தூங்குறார் பாருங்க!" என்றாள். நீ, "அம்மா, இதுல படுத்தவங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. இவர் உங்களை இன்னும் விடலையே" என்றாய். படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "அவ விட்டாத்தானே!" என்றார். குகையே குலுங்கிற்று. அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து, "அவர் தலை எங்க இருக்குன்னு பாருங்க. கல்லை அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் மேடா விட்டுச் செதுக்கியிருக்காங்க. எல்லாத்தையும் துறந்தவருக்கும் ஒரு தலையணை வேணும்னு யாரோ நினைச்சிருக்காங்க" என்று தணிந்த குரலில் சொன்னாய். ஒருவர் பின் ஒருவராக வந்து அந்த மேட்டைத் தடவிப் பார்த்தார்கள். அந்தக் குகையை நான் ஆண்டுக்கணக்காக நடத்துகிறேன். கொடுத்தவன் யார், எழுத்து எக்காலத்தது, எல்லாம் சொல்வேன். தலையணையை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கூரையில்லாத கோயிலிலும் அப்படித்தான். வாசற்படி நடுவில் தேயாமல் வலப்பக்கம் தேய்ந்திருக்கிறதே, ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாய். "நடுவுல பெரிய மனுஷங்க போயிருப்பாங்க, நம்மள மாதிரி ஆளுங்க ஓரமா போயிருப்போம்" என்றார் துணிக்கடைக்காரர். கூட வந்த அந்த நர்ஸ் பெண், "இல்ல, வெயில்! அந்தப் பக்கந்தான் நிழல் விழுது" என்றாள். "ரெண்டும் இருக்கலாம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டாய். என் நாக்கு துறுதுறுத்தது. வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது பெரிய தப்பு. ஆனால் சாப்பிட உட்காரும்வரை அவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் மணி அடித்தபின் யாரும் எதையும் பேசிக்கொண்டிருப்பதில்லை.

பிறகு நம் மேடு.

"இதைத் தோண்டினது ரெண்டு பேர். ஒருத்தர் இது கும்பிட்ட இடம்ங்கறார். இன்னொருத்தர் கால் கழுவின இடம்ங்கறார்" என்று ஆரம்பித்தாய். பெயர் சொல்லவில்லை, உன் பெயரையும் சொல்லவில்லை. கயிற்றைத் தாண்டி நீ மட்டும் இறங்கி, பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தளத்தில் வைத்தாய். அது தயங்கி, நகர்ந்து, உருண்டு, நேராக வடிகால் துளைக்குப் போய் நின்றது. பெரிய பெரிய அட்டவணை போட்டு நான் நிரூபித்த சரிவு! என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொன்னாய். அதை எனக்கு முன்னால், அதுவும் நான் பேச முடியாத நாளில் செய்தாயே, அந்தக் குசும்பு உன்னைவிட்டுப் போகாது.

அப்புறம் கட்சி பிரித்தாய். கும்பிட்ட இடம் என்பவர்கள் மேற்கே, கழுவிய இடம் என்பவர்கள் கிழக்கே. நான் கிழக்கே கிளம்பியவன்தான். துணிக்கடைக்காரரின் மனைவி, அந்த அம்மா, என் கையைப் பிடித்து, "அங்க எங்க போறீங்க சார், எல்லாரும் இந்தப் பக்கந்தானே" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கிழக்கே நர்ஸ் பெண் மட்டும் தனியாக நின்றாள். நீ போய் அவள் பக்கத்தில் நின்றாய். "கைடு சார், நீங்க அந்தக் கட்சியா?" என்று துணிக்கடைக்காரர் சத்தம் போட்டார். "ஆள் கம்மியா இருக்கற பக்கம் நிப்பேங்க." "எப்பவும் எந்தப் பக்கம் கம்மி?" "இந்தப் பக்கந்தான். சாமின்னு சொன்னா ஜனம் அங்க போயிடும்."

அப்படியானால் தினமும் நீ அங்கேதான் நின்றிருக்கிறாய்.

தோண்டிய காலத்தில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். சண்டை முற்றியபின் அடுத்தவன் பக்கம் போவதையே விட்டுவிட்டோம். மாலையில் நான் கூடாரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். அதனால் மேற்குப் படியில், சாயங்கால வெயிலில், நான் நின்றதே இல்லை. என் பக்கத்திலிருந்து, குழிக்குள் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பலகைக்கல்லின் கரடுமுரடான முதுகுதான் தெரியும். உன் பக்கம் அது வழவழப்பான முகம். வெயில் அதன்மேல் விழுந்து கல் முழுக்கப் பொன்னிறமாயிற்று. அது சரியாக நெஞ்சுக்கு நேரே வருகிறது. வடிகாலோ காலடிச் சுவருக்குள் மறைந்துவிடுகிறது. காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்த அந்த அம்மா செருப்பைக் கழற்றினாள்.

என் கருத்து மாறவில்லை. அது கால் கழுவிய இடம்தான். ஆனால் நீ மேலிடத்துக்குப் பிடிக்கும் என்று எழுதவில்லை, பார்த்ததை எழுதியிருக்கிறாய். இது தெரிய எனக்கு உன் பஸ் வேண்டியிருந்தது. அடிக்குறிப்புக்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் தெரிந்துகொள். உன்னைப்போல ஒரு இடத்தைப் பேசவைக்கிறவனை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் வராமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் இறங்கி ஓடினேன். என் மாணவர்களை அடுத்த மாதம் அனுப்புகிறேன். தேதியெல்லாம் நான் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன், நீ கெடுக்காமல் இரு.

பலகைக்கு இது போதும்:

'இந்த மணலுக்கு அடியில் ஒரு கற்குழி இருக்கிறது. மேற்கே நின்று பார்த்தவர் இதைத் தொழுத இடம் என்றார். கிழக்கே நின்று பார்த்தவர் கால் கழுவிய இடம் என்றார். இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்.'

பெயர் வேண்டாம். பட்டமும் வேண்டாம். போட்டால் படிக்கிறவன் எந்தப் பக்கம் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவான், குழியைப் பார்க்க மாட்டான்.

இருபதாம் தேதி வருகிறேன். மணல் போடும்போது நீ கிழக்கே நில். நான் மேற்கே நின்றுகொள்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தான் வருவேன் என்று தங்கையிடம் சொல்.

இதுவரை எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். துறைத்தலைவன் என்று போட்டால் சிரிப்பாய். பிரஷ் என்று போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மச்சான் என்றால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வாய். ஒன்றும் போடாமல் உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.