மாமாவின் மண்டையும் உன் ஆர்கிட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உன் மாமா தையல் போட்ட நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா. அம்மா ஃபோனில் தன் பாணியில் சொல்வதற்குள் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன், போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவைக் கடித்துவிட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லையம்மா, முன்கையில், பல்லால்.

காரணத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல். நீ விட்டுப்போன ஆர்கிட் பூத்ததா பூத்ததா என்று ஒவ்வொரு ஃபோனிலும் நீ கேட்பதும் நான் இதோ அதோ என்று மழுப்புவதுமாக என் மானம் போய்க்கொண்டிருந்தது உனக்கே தெரியும். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? குளியலறை ஜன்னலோரம் வைத்து, நேர்வெயில் படாமல் திரை கட்டி, தொட்டியில் இருக்கும் மரப்பட்டையும் கரியும் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். ஈரத்துணியால் இலையைத் துடைக்கும்போது உன் அம்மா வந்து, என் முதுகை ஒருநாள் இப்படித் தேச்சு விட்டிருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் இலையிடுக்கில் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. பூத்தண்டேதான் என்று வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன், நீ விடுமுறைக்கு வந்து கதவைத் திறக்கும்போது பூ உன் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், எனக்கு வேறு என்ன ஆசை.

அந்தச் சமயம் பார்த்து உன் மாமா வந்து இறங்கினார். சலூன் வைத்திருப்பவர் கை சும்மா இருக்குமா? நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், தொட்டிக்கு வெளியே தொங்கிய வேரையெல்லாம் கத்தரித்து, ஓரம் இறக்கி, தண்ணீரும் தெளித்துவிட்டார், பவுடர் ஒன்றுதான் குறை. என் முளை குப்பைக்கூடையில் கிடக்கிறது. எப்படி அத்தான், ஆளே மாறிட்டான் பாத்தீங்களா என்று இளிப்பு வேறு.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. கைக்கு அகப்பட்டதைத் தூக்கி அவர் மண்டையில் போட்டேன், அகப்பட்டது அந்தத் தொட்டிதான். கரியும் பட்டையும் சிதற, புருவத்திலிருந்து ரத்தம் மூக்கு வழியாக வாய்க்குள் இறங்கியது. யோவ் கெழவா என்று கத்திக்கொண்டே அவர் என் கழுத்தைப் பிடித்துக் குளியலறைக் கண்ணாடியில் மோத, அது சிலந்திவலை மாதிரி விரிந்தது. நான் முழங்காலால் அவர் வயிற்றில் இடித்தேன், அவர் என் காதைத் திருகித் தலையைப் பக்கெட்டுக்குள் தள்ளினார், மூச்சு முட்டுகிற நேரத்தில் அவர் கை என் வாய்க்குப் பக்கத்தில் வந்தது, நான் என்ன செய்ய? உன் அம்மா இரண்டு பேர் தலையிலும் தண்ணீரை ஊற்றித்தான் பிரித்தாள். எந்த நாய் கடிச்சது என்று டாக்டர் கேட்டாராம். வீட்டு நாய்தான் டாக்டர், வயசாயிடுச்சு, ஊசியெல்லாம் போட்டதில்ல என்று சொல்லியிருக்கிறாள், மகராசி.

இப்போது மாமா என் கட்டிலில் கட்டோடு படுத்திருக்கிறார், நான் சோபாவில். தையல் பிரித்த கையோடு கிளம்பிவிடுவாராம், இனி செத்தாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டாராம். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டால்தான் என்னோடு பேச்சு, இல்லையென்றால் அவனோடு நானும் கிளம்புகிறேன் என்று அம்மா பெட்டியை இறக்கி வைத்திருக்கிறாள். என் மகள் பூவை வெட்டியவன்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நானும் விறைப்பாக இருக்கிறேன். நீ சொன்னால் மாமா கேட்பார், தப்பு யார்மேல் என்று அவருக்கு நீயே ஃபோனில் எடுத்துச் சொல்லம்மா, அம்மா போய்விட்டால் எனக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது.

ஈரத்தலையோடு படுக்காதே, ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே போ. என் முன்கோபத்தைத் தவிர மற்ற எல்லா நல்லதும் உனக்குச் சேரட்டும். டிக்கெட் போட்டதும் மறக்காமல் தேதியைச் சொல்.

இப்படிக்கு,
வீங்கிய காதோடு,
உன் அப்பா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் செடியையும் கூடையிலிருந்து எடுத்து வைத்த முளையையும் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போய்வந்தேன். வெட்டினது எல்லாமே வெறும் வேருதான் சார், அதனால ஒன்னும் ஆகாது என்றார் நர்சரிக்காரர். பிறகு நம் வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த இலையைத் தூக்கிக் காட்டினார், அதற்கு அடியில் ஒரு தண்டு மொட்டோடு முறிந்து நாரில் தொங்குகிறது. இதுதான் சார் பூத்தண்டு, எதுமேலயோ பலமா மோதியிருக்கு என்றார்.