செம்புக்குப் பக்கத்தில் இரும்பு

அடுப்படி யன்னலில் உங்கள் மகள் இரண்டு கிளாஸ் உப்புத் தண்ணீர் வைத்திருக்கிறாள். ஒன்றில் வெறும் இரும்பாணி. மற்றதில் செப்புக் கம்பி சுற்றிய ஆணி. இரசாயன ரீச்சர் செய்து பார்க்கச் சொன்னாவாம். கம்பி சுற்றிய ஆணியின் தண்ணீர்தான் முதலில் பழுப்பானது. அந்தத் துரு மணம் மூக்கில் ஏறியது.

எனக்கு இது புதிதல்ல. நீங்கள் தொழிலுக்குப் போன வள்ளத்தின் அடியில் செப்புத் தகடு கழன்ற இடங்களில், வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியார் செம்பாணிக்குப் பதிலாக இரும்பாணி அடிப்பித்த அன்று, சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துச் சொன்னீர்கள்: "இஞ்சாரும், செம்புக்குப் பக்கத்திலை நிண்டால் உப்புத் தண்ணி இரும்பைத்தான் தின்னும். செம்புக்கு ஒண்டும் ஆகாது."

அவரிடமும் போய்ச் சொன்னீர்கள். துறையில் நின்ற அத்தனை பேரும் கேட்க அவர் சொன்னார்: "மேலை தார் பூசினால் ஆருக்குத் தெரியும்? பயமெண்டால் நீர் கரையிலை நில்லும்."

கரையில் நின்றால் அடுப்பு எரியுமா? ஏணையில் பிள்ளை கிடந்தாள். போனீர்கள்.

பிறகு உங்களையும் பலகைகளையும் கடல் வேறு வேறு நாளில் கொண்டுவந்து போட்டது. ஒரு பலகையில் இருந்த ஆணியைத் தொட்டேன், கையோடு உதிர்ந்தது. அதில் ஒட்டிக் கிடந்த செப்புத் தகட்டில் அரிப்பே இல்லை. செத்த வீட்டில் சம்மாட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுழல் காத்து, பிள்ளை. கடல் பொல்லாதது" என்றார். இரும்பாணிதான் காரணம் என்று நான் கத்தினேன். துறையில் நின்று கேட்டவர்களே, "பாவம், துக்கத்திலை அலட்டுறாள்" என்றார்கள். அவர்களுக்கும் அவருடைய வள்ளத்தில்தான் பிழைப்பு.

அன்றிலிருந்து உங்கள் திவசத்துக்கெல்லாம் அவர் வருகிறார். உங்கள் அண்ணை கூப்பிடுவார். முதல் பந்தியில் இருந்து பாயாசம் குடித்து, "நல்ல பெடியன், விதி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு இலை போட்ட என் கையை நானே வெறுத்திருக்கிறேன்.

நேற்று மகள் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அப்பான்ரை வள்ளத்திலை என்ன ஆணி?"

"தகடு செம்பு. ஆணி இரும்பு."

பழுப்பான கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அண்டைக்குக் காத்து அடிச்சதே?"

"இல்லைப் பிள்ளை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது."

தண்ணீரை ஊற்றிக் கிளாசைக் கழுவட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள்.

உங்கள் சொல்லை நான் இத்தனை காலம் தனியே சுமந்தேன். இனி இரண்டு பேர். வருகிற திவசத்துக்கும் அவர் வருவார், முதல் பந்தியில் இருப்பார். இலை போடமாட்டேன். அந்தப் பழுப்புத் தண்ணீர்க் கிளாசைத்தான் அவர் முன்னால் வைப்பேன்.