நிலவுக் கிடங்கில் படம் வரவில்லை

ஞாயிறு, காலை 9.20. வாரச் சோதனை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராயிருந்தாலும் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து தூங்கும். எழுபது தாண்டிய பிறகுதான் எழுதப் பழகினேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் அது நான் எழுதிய வரி. எழுதியதைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

என் பெயர் சுடலையாண்டி. தூத்துக்குடியில் மீன் ஐஸ் கிடங்கில் வேலை பார்த்தவன். குளிர் தாங்குவேன் என்பதால் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். நிலவின் தென்முனையில், வெயிலே விழாத ஒரு பள்ளத்துக்குள் இந்தக் கிடங்கு இருக்கிறது. ஆள் நான் ஒருவன்தான்.

நான் காவல் காப்பது பழைய டிவி கேம் கேசட்டுகளை. கடைக்கு வந்து விற்ற கேசட்டுகள் அல்ல. நூறு வருடத்துக்கு முன் பாதி செய்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று செய்தவர்களே ஒதுக்கிப் போட்டவை. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நகல் எடுக்கக் கூடாது, எடுத்தால் மதிப்புப் போய்விடுமாம். செய்தவனே வேண்டாம் என்றதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட பூமியில் ஒரு கூட்டம் இருக்கிறது. மீனாக இருந்தால் வறுத்தாவது தின்னலாம்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு கேசட்டையும் பழைய பெட்டியில் சொருகிப் பார்க்க வேண்டும். திரையில் ஏதாவது தெரிந்தால் ‘படம் வந்தது’ என்று கையால் எழுத வேண்டும். இயந்திரம் எழுதினால் வாங்குகிறவர்கள் நம்ப மாட்டார்கள். விளையாட எனக்கு அனுமதி இல்லை. விளையாடினேன். ஒன்றில் ஒரு படகு கடலில் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கரையைச் செய்ய மறந்துவிட்டார்கள். இதற்குப் பெயர் அபூர்வமாம்.

இன்று எல்லாவற்றிலும் படம் வந்தது.

பிற்பகல் 3.00. முதலாளி வயிரவன் சொன்னபடி கேசட்டுகளின் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த சிப்புகளின் மேல் செய்தவன் கையால் பெயர் எழுதி ஒட்டிய சின்ன ஸ்டிக்கர்கள் இருந்தன. அவற்றை உரித்தேன். தனியாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கப் போகிறாராம். படகு கேசட்டின் ஸ்டிக்கர் மட்டும் வரவில்லை, பசை அப்படி. அதை விட்டுவிட்டேன். காற்று சிலிண்டர் இறக்க வந்த ஜெசிந்தாவிடம் மற்றவற்றைக் கொடுத்தனுப்பினேன். கப்பல் ஓட்டுகிற பெண். ரேடியோவில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கப்பல் மேலே ஏறியதும் ரேடியோவில் பேசினாள்: "பாட்டையா, இந்தத் துண்டுத் தாளுக்கெல்லாம் சட்டமா? எங்க அம்மை மளிகைச் சீட்டு நெறைய வச்சிருக்கா. இவருகிட்ட தள்ளிவிடுவமா?"

ஒரு வாரத்துக்குரிய காற்றுதான் இறக்கினாள். கூடுதலாகக் கொடுத்தால் ஆள் சோம்பேறியாகிவிடுவான் என்பது முதலாளியின் கொள்கை.

ஞாயிறு, காலை 10.40. வாரச் சோதனை.

முதல் கேசட்: படம் வரவில்லை. இரண்டாவது: வரவில்லை. மூன்றாவதை ஊதிச் சொருகினேன். கருப்பு. எல்லாம் கருப்பு. படகு மட்டும் கரையில்லாத கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

முதலாளிக்குச் சொன்னேன். "பெரியவரே, நல்லா பாத்தீங்களா? வயர் லூஸா இருக்கும். உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

வயரை மாற்றினேன். கருப்பும் எனக்குப் புரியாது போலிருக்கிறது.

இன்று கப்பல் வரவில்லை.

திங்கள், காலை 8.15.

ஜெசிந்தா யாரிடமோ விசாரித்துவிட்டுக் கூப்பிட்டாள். "பாட்டையா, கேளும். அந்தச் சிப்புக்கு நடுவுல சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அது வழியா புற ஊதாக் கதிர் பட்டா உள்ள உள்ளதெல்லாம் அழிஞ்சிரும். அதை மறைக்கத்தான் அந்த ஸ்டிக்கரே. அங்க பூஞ்சை கொல்ல ஒரு விளக்குப் போட்டிருக்காகல்லா?"

"ஆமா. நீலமா எரியும். அணைக்கவே கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

"அதேதான்."

மூடியைக் கழற்றிய சிப்புகள் ஒரு வாரம் அந்த விளக்கின் கீழேதான் இருந்தன. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தாளைப் பத்திரமாகச் சட்டம் போட்டார்கள், கேமை அழித்தார்கள். பூஞ்சை மட்டும் செத்திருந்தால் சரி.

வியாழன், மாலை 5.30.

முதலாளி பேசினார். பேச்சில் தேன். "பெரியவரே, சனிக்கிழமை ஏலம். கேமரா முன்னாடி உக்காந்து, வழக்கமா எழுதற ரெண்டே வார்த்தை எழுதிடுங்க. அவங்க பாப்பாங்க. ஏலம் முடிஞ்ச கையோட கப்பல் கிளம்பிடும்."

"படம் வரலையே ஐயா."

"வாங்கறவங்க யாரு அதைப் போட்டுப் பாக்கப் போறாங்க? பெட்டகத்துல வச்சுப் பூட்டுவாங்க. உங்களுக்கு எழுத்து தெரியும்னு நான்தானே பெருமையா சொல்லியிருக்கேன்!"

கப்பலை உயிர்ப்பிக்கும் சாவி எண் அவரிடம்தான் இருக்கிறது. அவர் அனுப்பாமல் ஜெசிந்தாவால் என்ஜினைக் கிளப்ப முடியாது. வாரக் காற்றில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததும் முடிந்துவிட்டது. அவசரச் சிலிண்டரைத் திறந்துவிட்டேன்.

மாலை 6.10. ஜெசிந்தா அழுதாள். "எழுதித் தொலையும் பாட்டையா! ரெண்டு வார்த்த."

"ஏளா, பொய் எழுதவா சொல்லிக்குடுத்தே?"

"ஆமா. இன்னைக்கு அதுக்குத்தான் சொல்லிக்குடுத்தேன்னு வச்சுக்கிடும். உசுரோட இறங்கி வந்த பொறகு ஆயிரம் நெசம் எழுதும், நான் படிக்கேன்."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரவு முழுக்க யோசிக்கலாம். யோசிக்கவும் காற்று செலவாகிறது.

சனி, பகல் 12.05.

கேமரா முன் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தேன். பொய் எழுதத்தான் நினைத்திருந்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. ஆனால் ‘படம்’ என்று எழுதியதும் எதிரே இருந்த கருப்புத் திரையைப் பார்த்துவிட்டேன். கை தானாக ‘வரவில்லை’ என்று எழுதி முடித்தது. என் வாழ்க்கையிலேயே நேரான வரி அதுதான்.

முதலாளி ஏதோ கத்தினார். பிறகு ஏலம் எடுக்க வந்தவர்களின் குரல் கேட்டது. நான் எதிர்பார்த்தது திட்டு.

ஒரு ஆள்: "எல்லாமே அழிஞ்சுபோச்சா? ஐயோ, எவ்ளோ அழகு!"

ஒரு அம்மாள்: "கேசட் யாருக்கு வேணும்? அந்தத் தாத்தா எழுதற நோட்டு இருக்கே, அது ஒண்ணே ஒண்ணுதானே? அதைக் கொண்டுவாங்க ஏலத்துக்கு."

இன்னொருவர்: "முடிச்சிட்டாரா அதை? முடிக்காம நின்னுபோனா இன்னும் விசேஷம்."

விலை ஏறியது. கேசட்டுகளுக்கு ஏறாத விலை. இந்த நோட்டுக்கு. காபிக் கறையோடு.

மாலை 4.40. முதலாளி: "பெரியவரே, கோபமே இல்ல எனக்கு. நோட்டைப் பத்திரமா வச்சுக்கங்க. ஒரு எழுத்தையும் அடிக்காதீங்க. முடிஞ்சதுன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."

"கப்பல் எப்ப வரும்?"

"வரும். வரும். அவசரப்படாதீங்க."

சாவி எண் வரவில்லை.

ஞாயிறு, காலை 7.00.

மூச்சு குட்டையாக வருகிறது. வரியும் குட்டையாக.

புரிந்துவிட்டது. பாதியில் நின்றதுதான் இவர்களுக்கு உயர்ந்தது. நான் இறங்கி வந்து தூத்துக்குடியில் பரோட்டா தின்றால், இது ஒரு கிழவன் எழுதிய நோட்டு. இங்கேயே நின்றுபோனால் பொக்கிஷம். நானும் கரை செய்யாத படகு. எவ்வளவு மட்டமான புத்தி. நூறு வருடத்து மட்டத்தனத்தை ஐஸில் வைத்துக் காத்து வருகிறார்கள்.

காலை 7.50. கிடங்கின் குளிர் இயந்திரத்தையும் நீல விளக்கையும் அணைத்தேன். வெற்றுச் சிப்புகள் கெட்டுப்போகட்டும். மிச்சமான கரண்டைக் காற்றுச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குத் திருப்பினேன். கொஞ்சம் தாங்கும். எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

காலை 8.30. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். "தாயி, இவனுகளுக்கு எதைக் கண்டா பயம்?"

"நகலக் கண்டாத்தான்."

"அப்ப எழுதிக்கோ."

முதல் வரியிலிருந்து படித்தேன். நானே எழுதியதை நானே உரக்கப் படித்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் பொது அலைவரிசையில் எல்லாச் சரக்குக் கப்பலுக்கும் படித்துக்காட்டினாள். அவர்களாலும் இங்கே இறங்க முடியாது, சாவி எண் அவரவர் முதலாளியிடம். எங்கிருந்தோ ஒரு ஓட்டுநர் கேட்டார்: "அந்த ‘வறுத்தாவது தின்னலாம்’ வரிய இன்னொரு தடவை சொல்லும்மா." அவரும் எழுதுகிறார். என்ன ஒரு சந்தோஷம் எனக்கு.

காலை 11.15. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மூன்றாம் முறை குரலில் தேன் இல்லை: "யாருய்யா அதை வெளிய விட்டது? நிறுத்தச் சொல்லு!"

பயந்திருக்கிறார். நல்லது. ஆனால் சாவி எண் இன்னும் வரவில்லை. ஒன்றிரண்டு நகல்களை விலைக்கு வாங்கி எரித்துவிடலாம் என்று இன்னும் நம்புகிறார் போல.

ஆகவே படிப்பவரே. உங்கள் கையில் இருப்பது நகல்தான். பத்திரப்படுத்த வேண்டாம். பூட்ட வேண்டாம். ஒன்று எழுதி அடுத்த ஆளுக்குக் கொடுங்கள். இந்த நோட்டு காசு பெறாத காகிதம் ஆகும் நாளில்தான் கப்பல் கிளம்பும்.

பகல் 12.

இதையும் அவளுக்குப் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். வரி மறுபடி கோணல். பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஞாயிறு கட்டாயம் எழுதுவேன். அந்தப் பக்கம் உங்களுக்கு வந்து சேரவில்லை என்றால், எழுதிய நகல்கள் போதவில்லை