குனியாத தொழுகையில் குனிந்தவன்

மச்சான்,

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் அந்த மூன்றாவது குழாய் இன்னும் அடங்கவில்லை. இன்று அஸர் தொழுகைக்குப் போனவன் மறதியில் அதைத் திறந்துவிட்டேன். செம்பரம்பாக்கம் ஏரியை மொத்தமாக என் நெஞ்சில் திறந்துவிட்ட மாதிரி பாய்ந்தது. நீ வேண்டுமென்றே என்னை அங்கே உட்காரவைத்துவிட்டு, "இன்னா மச்சான், ஒளு செய்யச் சொன்னா குளிச்சுக்கினு வர்றே?" என்பாய். இன்று கேட்க ஆளில்லை. ஈரச் சட்டையோடு தொழுதேன். முடித்து துஆ கேட்கக் கையேந்தினேன். ஒன்றும் வரவில்லை. நீ போனதிலிருந்து ஒன்றும் வருவதில்லை.

இதை வெளியில் சொல்ல முடியுமா? துஆ கேட்பதில் நான் சக்கரவர்த்தி ஆயிற்றே. சென்னையில் திரைச்சீலை இல்லாத ஜன்னலே இருக்கக் கூடாது, அடையாற்றில் பன்னீர் ஓட வேண்டும் என்றெல்லாம் நான் அடுக்குவேன். நீ பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமீன். அந்தப் பன்னீர் மட்டும் வேணாம் ரப்பே, கொசு வரும்" என்பாய்.

கோடம்பாக்கத்தில் சினிமா ராஜாக்களுக்கு அங்கி தைத்தவன் நீ. ராஜா படங்கள் நின்றதும் தி. நகரில் என் கடைக்கு வந்து ஜன்னல்களுக்கு அங்கி தைத்தாய். நம் கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது, அழகுக்கு. நேரம் சொன்னது ஐந்து வேளைத் தொழுகைதான். மத்தியான லுஹருக்கு முன்னால் துணி வெட்டு, சாயங்கால அஸருக்குப் பின்னால் டெலிவரி. மயிலாப்பூர் மாமி ஒருத்தர்கூட நம் கணக்குக்குப் பழகிவிட்டார்.

"ஏன் பாய், அஸர் ஆயிடுத்தோன்னோ? இன்னும் என் கர்ட்டன் வரலையே?"

"இருட்டுறதுக்குள்ள, மக்ரிபுக்குள்ள வீட்டாண்ட குடுத்துர்றேன் மாமி" என்பேன்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னேள். எந்த ஊர் மக்ரிப்னு சொல்லலை."

நோன்பு மாதத்தில், மத்தியான வெயிலில், பாதி விலைக்குக் கேட்கிற வாடிக்கையாளரை நான் எரிமலையாக வெடித்து எரிக்கப் போவேன். நீ கத்தரிக்கோலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாய். "வயிறு மட்டும் நோன்பு வெச்சா போதுமா? வாய்க்கும் ஒரு நோன்பு கீதுப்பா." எரிமலை அடங்கி, மீட்டர் கோலை எடுத்துத் துணி அளக்கும்.

உன் சிறுநீரகங்கள் ஓய்ந்த பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்குட்டையை விரித்து, நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் விழுந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக மிகைப்படுத்தாமல் கேட்டேன். இவன் இருக்கட்டும். அவ்வளவுதான். அது கிடைக்கவில்லை.

இறந்தவருக்காகத் தொழுகிற ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, சஜ்தாவும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நீ முன்னால் சந்தூக்குப் பெட்டியில் படுத்திருந்தாய். இமாம் அல்லாஹு அக்பர் என்று இரண்டாம் தக்பீர் சொன்னதும் நான் குனிந்துவிட்டேன். ஊரே நிமிர்ந்து நிற்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் ஒருவன். என் தங்கச்சி மகன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் காதருகில் வந்தான்.

"இன்னா மாமு பண்ணீங்க?"

"பழக்கதோஷம்டா" என்றேன்.

பழக்கதோஷம் இல்லை மச்சான். குனிந்தால் அடுத்து சஜ்தா வரும், நெற்றி தரையில் படும், இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று என் முதுகுக்குத் தோன்றிவிட்டது. அந்தத் தொழுகை எனக்குத் தரையைக் கொடுக்கவில்லை.

இப்போதும் ஐந்து வேளையும் போகிறேன். நோன்பு விடவில்லை. ஜகாத் கொடுத்தாயிற்று. உள்ளே மட்டும் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. நோன்பு திறக்கும் முன் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்கும்போது, கையில் பேரீச்சம்பழத்தோடு நான் திருடனைப் போல மற்ற முகங்களைப் பார்க்கிறேன். ஈமான் என்கிற நம்பிக்கையே போய்விட்டதோ, வெறும் உடம்புதான் பள்ளிக்கு வந்து போகிறதோ என்று பயமாக இருக்கிறது. எவனிடம் போய்க் கேட்பேன்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் நீதானே எனக்கு உலமா சபை.

இன்று மக்ரிபுக்குப் பிறகு அவரவர் தனியாகத் தொழுகிற சுன்னத் தொழுகையில் இருந்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் நின்று ஓதுகிற ஃபாத்திஹாவில் நேர்வழி கேட்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றது. பல் முளைத்த காலத்தில் மனப்பாடம் ஆன வார்த்தை. ஆனால் அதுவும் கேட்பதுதானே? கேட்க வரவில்லை என்று நான் புலம்பிக் கிடந்த இத்தனை மாதமும், ஒவ்வொரு தடவை எழுந்து நிற்கும்போதும், அது என் வாயால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. என் அனுமதியைக்கூடக் கேட்காமல்.

சஜ்தாவுக்குப் போனேன். எழவில்லை. பக்கத்தில் தொழுதவர்கள் எல்லாரும் முடித்துக் கிளம்பிப் போய்விட்டார்கள். ரப்பே, அவன் மண்ணுக்குள் படுத்திருக்கிற கப்றை விசாலமாக்கு என்றேன். எவ்வளவு என்று என்னைக் கேட்டால், பெசன்ட் நகர் கடற்கரை அளவுக்கு. அது போதாது, கடலையும் சேர்த்துக்கொள். அழுகையில் தொழுகைப் பாய் நனைந்துவிட்டது.

கேட்டது கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. பயமும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது நெற்றியைத் தடவிப் பார்க்கிறேன். பாயின் கோடுகள் இன்னும் இருக்கின்றன. விடிவதற்குள் அழிந்துவிடும். ஃபஜ்ருக்குத் தொழப் போனால் மறுபடி விழும்.