எடை குறைந்த வேதாகமம்

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை. பர்லியார் பக்கம் மண் சரிவு, பஸ் இல்லை. எஸ்டேட் பாக்டரியின் இரைச்சல் மட்டும்.

இன்றைய வேலை: அப்பாவின் வேதாகமத்தை ஒட்டுவது. பசை, பழைய வேட்டித் துணி, ஊசி. உபயோகமில்லை. முதுகு பிளந்துவிட்டது. ஏசாயாவிலிருந்து பின்பகுதி தனியாகக் கையோடு வருகிறது. அட்டையின் கீழ் மூலையில் பழுப்புக் கறை. தங்கை கிருபாவின் உதடு.

ஞாயிறு நடந்தது. ஆராதனை முடிந்து வந்து சோறு. சபை மூப்பரான அப்பா கூடலூர் மாப்பிள்ளையின் பேச்சை எடுத்தார். நாற்பது வயது, மனைவி இறந்தவர், சபைக்கு வேண்டியவர். கிருபா சோற்றைப் பிசைந்தபடியே, "எனக்கு வேண்டாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அவர் கையில் வேதாகமம் இருந்தது. அதைக்கொண்டே அவளை வாயில் அடித்தார். விளக்கவுரை, ஒத்தவாக்கியம், வரைபடம் எல்லாம் சேர்ந்த கெட்டி அட்டைப் புத்தகம். செங்கல் கனம். இரண்டாவது அடியில் தாள்கள் பிய்ந்து தரையில்.

உடனே நின்றுவிட்டார். மண்டியிட்டு ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார், கண்ணில் ஒற்றினார். எங்கள் வீட்டில் வேதம் கீழே விழுந்தால் அப்படித்தான். கண்ணில் ஒற்றி, மன்னிப்புக் கேட்டு ஒரு ஜெபம். பிறகு அன்று முழுக்க யாரும் குரல் உயர்த்தக் கூடாது.

தாளுக்குத்தான் மன்னிப்பு. உதட்டுக்கு இல்லை.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். தத்துவத்தில் எம்.ஏ.

நவம்பர் 14, வியாழன்

மழை விட்டது. மூட்டம். காலுறை காயவில்லை.

அப்பா: "டவுனுக்குப் போயி புதுசா ஒண்ணு பாத்துட்டு வா. எழுத்து பெருசா இருக்கோணும். வெளக்கம் இருக்கோணும். நாளைக்கு வேதபாடம் நாந்தான் எடுக்கோணும். ஒனக்குத்தான் நம்பிக்கை இல்லீன்னாலும் படிப்பு இருக்குதில்ல."

குன்னூர் பஜார், படியேறிப் போகும் கிறிஸ்தவப் புத்தகக் கடை. மூன்று வகை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

கெட்டி அட்டை, பழையதைவிடப் பெரியது.
நடுத்தரம், தோல் உறை, மூலை கூர்மை.
மெல்லிய தாள், வளையும் ரெக்சின் உறை, மூன்று பக்கமும் ஜிப்.

"ஏனுங்க தம்பி, பூசணிக்காயாட்டம் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க? உள்ள தொறந்து பாருங்க."

"கனம் பாக்கறனுங்க."

"அப்பாவுக்குக் கை வலியா?"

"ஆமாங்க. கைதான்."

"அப்ப ஜிப்பு வெச்சத எடுங்க. மழைத்தண்ணிகூட உள்ள போவாது."

அவர் இன்னொருவரைக் கவனிக்கப் போனதும் அலமாரிக்குப் பின்னால் போய், மூன்றாலும் என் முழங்காலில் அடித்துப் பார்த்தேன். முதலாவதில் கண் இருண்டது. இரண்டாவது கிழித்தது. ஜிப் வைத்தது ஈரத் துண்டால் அடித்த மாதிரி. சொத். அதையே வாங்கினேன். பஸ்ஸில் ஒருவித வெற்றி.

மாலை. அடுப்படியில் கிருபாவிடம் காட்டி, காரணம் சொன்னேன். சிரித்தாள். உதடு மறுபடி பிளந்தது.

"பைத்தியமாண்ணா ஒனக்கு? கெட்டியானதத்தான் வாங்கியிருக்கோணும்."

"எதுக்கு?"

"அது கையில இருந்தா ரெண்டு அடிதான். கீழ விழுந்துருமோன்னு அவருக்கே பயம். இது லேசா இருக்குது, எடுத்து வெச்சுட்டு வேற தேடுவாரு."

நாளைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். ஜிப்பை இழுத்தார். மூடினார். மறுபடி இழுத்தார். "நல்லாத்தான் பாத்திருக்கற." அவர் என்னைப் பாராட்டியதே இல்லை.

மாற்றப் போவதில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வெயில். தேயிலையைப் பார்க்கவே கண் கூசியது.

போதகர் புதிய வேதாகமத்தின் மேல் கை வைத்து ஜெபித்தார். கூடலூர்க்காரர் வந்திருந்தார். புதுச் சட்டை, மடிப்பில் இன்னும் குண்டூசி.

மதியம். அப்பா: "வர்ற ஞாயித்துக்கிழம நிச்சயம்."

கிருபா: "நான் வந்து நிக்க மாட்டனுங்கப்பா. நீங்களே நின்னுக்கோங்க."

வேதாகமம் அவர் மடியில். மூடினார். ஜிப்பை மெதுவாக, மூன்று பக்கமும், கடைசிவரை இழுத்தார். அலமாரி மேல் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். கதவுக்குப் பின்னால் போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார்.

வெட்டு முனையைக் கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக் கட்டையால் அடித்தார்.

முதலில் தோள். அடுத்து முதுகு. பிறகு அவள் தலைக்குக் குறுக்கே கையை வைத்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதன் பிறகும் அடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியதால்தான் நின்றது. துணியெல்லாம் ரத்தம். அது அவருடையது, கத்தி அவர் கையை அறுத்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அடுத்த வீட்டில், "மூப்பரு ஊட்டு விசயம், நீ உள்ள வா" என்று ஒரு பெண் குரல். கதவு சாத்தும் ஓசை.

நான் எங்கே இருந்தேன்? அங்கேதான். என் கை கால் எல்லாம் இருந்தன.

நவம்பர் 18, திங்கள்

குன்னூர் ஆஸ்பத்திரி. லைசால் நாற்றம். கிருபாவுக்கு முழங்கைவரை மாவுக்கட்டு.

நர்ஸ்: "எப்படிம்மா ஆச்சு?"

பின்னாலிருந்து அப்பா: "தோட்டத்துல வழுக்கிட்டாளுங்க சிஸ்டர். மழை பாருங்க."

நர்ஸ் ரவிக்கையை விலக்கிப் பார்த்தார். "முதுகுலயும் வழுக்குச்சா?"

கிருபா கூரையைப் பார்த்தாள். பிறகு என்னை.  

அப்பா கட்டுப்போட்ட கையால் புது வேதாகமத்தைக் கட்டில்மேல் வைத்தார். "கண்ண மூடுங்க, ஜெபிக்கலாம். எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாப்போயிரும்." எல்லோரும் மூடினார்கள். நர்ஸும். பழக்கம். அப்பாவின் குரல் நன்றாக இருந்தது, எப்போதும் நன்றாக இருக்கும்.

ஜெபத்தின் நடுவில் சொன்னேன். "இவருதான் அடிச்சாருங்க. கவ்வாத்துக் கத்திக் கட்டையில."

குரல் பாதி வார்த்தையில் நின்றது. நர்ஸ் கண்ணைத் திறந்தார். "அப்ப நான் போலீசுக்குச் சொல்லியாகோணும்."

அப்பாவின் நல்ல கை என் முகத்துக்கு வந்தது. பிடித்து வளைத்தேன். இவ்வளவு மெலிந்த மணிக்கட்டா. இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்.

"விடுண்ணா, போதும்" என்றாள் கிருபா. நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்தார். அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார், வாய் திறந்தபடி, ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி. என் விரல்களுக்குள் அவர் எலும்பு நகர்ந்தது தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் திருகினேன்.