காரைவனத்துக் கலைமானும் சவ்வாதுப் பேழையும்

மழை பிழையாதிருக்க, மதகு வற்றாதிருக்க, குன்றவேலி நாடு குளிர்ந்திருக்க. மறைந்த மன்னர் மாறவேளின் ஒரே மகளும், அவர் அரியணைக்கு உரியவரும், இன்று நண்பகல் முதல் காரைவனத்தில் கலைமான் வீழ்த்தியவருமாகிய நன்முல்லைத் தேவி யாம், காட்டோரப் பாசறையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை.

எம் தந்தைக்கு இளையவரும், பதினோராண்டு எமக்காக அரசு காத்தவரும், இன்னமும் கோட்டைச் சாவியை இடையில் செருகியிருப்பவருமாகிய சிறிய தந்தையார் இளஞ்சேந்தர் திருமுன் இது சேர்க. தங்கள் மனையும் மக்களும் நலமாயிருக்க. தங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்க. அது குறைய வேண்டிய அவசியம் ஓலையின் கடைசியில் தெரியவரும்.

முடிசூடுமுன் வாரிசு காலால் நடந்து, இரண்டு பகலுக்குள், ஒரே அம்பால், காரைவனத்துக் கலைமான் ஒன்றை வீழ்த்த வேண்டும் என்பது நம் குடியின் பழைய விதி. அது போதாதென்று தாங்கள் அவையில் எழுந்து, மானின்றி மீள்பவர் அரசகுடியில் எவராயினும் அவருக்குக் கோட்டை வாயில் திறக்கலாகாது என்று ஒரு வரியைச் சேர்த்துச் செப்பேட்டில் வெட்டுவித்தீர்கள். யாம் தோற்றால் முடி தங்களுக்கு என்பது அவைக்குத் தெரியும். பெண்பிள்ளை முட்புதருக்குள் எத்தனை தூரம் போய்விடுவாள் என்று சிலர் வாய்க்குள் சிரித்ததும் எம் காதில் விழுந்தது.

நேற்று விடியற்காலை, யாம் வில்லெடுத்த வேளையில், தங்கள் தூதன் ஒரு வெள்ளிப் பேழையோடு வந்தான். உள்ளே சவ்வாது, அரைத்த சந்தனம், பரல் நிறைந்த சிலம்பு ஒரு சோடி. வெற்றி உண்டாகுக என்று வாழ்த்தியும் இருந்தீர்கள். மூத்தவரோ அரசரோ அனுப்பும் மங்கலப் பொருளை அக்கணமே அணிய வேண்டும், அன்று அந்திவரை களையலாகாது என்பது நம் குடி வழக்கம். சிறிய தந்தைக்கு எம்மேல் இத்தனை பாசமா என்று யாம் கண்கலங்கியதை மறைக்கப்போவதில்லை. எல்லாவற்றையும் பூசிக்கொண்டு, காலில் சிலம்பு குலுங்கக் காட்டில் நுழைந்தோம்.

நேற்றைய பகல் முழுதும் யாம் கண்டது ஓடும் மான்களின் வால்களை மட்டுமே. எமக்கு வழிகாட்டிய உடும்பி என்னும் வேட்டுவப் பெண், நாற்பது ஆண்டு அக்காட்டில் தடம் பார்த்தவள், பிற்பகல்வரை பொறுத்திருந்து பிறகு வாய் திறந்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்: "தாயீ, நீங்க வர்றது மூணு ஓடைக்கு அந்தாண்ட நிக்கிற மானுக்கே தெரிஞ்சுபோச்சு. இது வேட்டைக்கு வந்த மாதிரி இல்லை, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்குது."

அந்தி சாய்ந்ததும் ஓடையில் இறங்கிச் சவ்வாதைத் தேய்த்துக் கழுவினோம். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எம் சிறுவயதில் தாங்கள் வேட்டைக்குப் புறப்படும்போதெல்லாம் தலைக்கு எண்ணெய் கூட வைக்கமாட்டீர்கள். சேறு நாறுகிறதென்று சிறிய தாயார் மூக்கைப் பொத்திக்கொள்வார். மானுக்குச் சேறுதான் பிடிக்கும் என்று தாங்கள் சிரிப்பீர்கள். காரைவனத்தில் மூன்று கலைமான் வீழ்த்தியவர் தாங்கள். சவ்வாது என்ன செய்யும் என்பது தங்களுக்குத் தெரியாமலா போயிற்று? அழுதுவிட்டோம், உடும்பி பார்க்காததுபோல் இருந்தாள்.

இன்று பொழுது விடியுமுன்னே புறப்பட்டுவிட்டோம். உடலெங்கும் ஓடைச்சேறு, அதன்மேல் மான் புழுக்கையைக் கரைத்துப் பூசிய பூச்சு. காலில் ஒன்றும் இல்லை. உடும்பி அடிக்கடி ஒரு சிட்டிகைச் சாம்பலைக் காற்றில் விட்டு, அது எப்பக்கம் பறக்கிறதென்று பார்த்தாள். காற்று முகத்தில் அடித்தால் மான் நமக்கு, முதுகில் அடித்தால் வேட்டை போயிற்று என்பதே அவள் எமக்குச் சொன்ன பாடம். இதற்காக இருமுறை காட்டைச் சுற்றி வந்தோம்.

நண்பகலுக்குச் சற்று முன் கண்டோம். நெல்லி மரத்தடியில், உதிர்ந்த காய்களைப் பொறுக்கித் தின்றபடி கடமான் இனத்துக் கலைமான் ஒன்று. கழுத்தில் காய்ந்த சேறு, கொம்பொன்றுக்கு மூன்று கிளை. அறுபதடி தூரம். நடுவே காரைமுள் அடர்ந்திருந்ததால் அங்கிருந்து எய்தால் அம்பு கொப்பில் பட்டுவிடும். இருப்பதோ ஓர் அம்பு. வயிற்றால் ஊர்ந்தோம். அது தலை குனியும்போது ஒரு முழம். தலை தூக்கும்போது கல்லாய்க் கிடந்தோம்.

பாதி வழியில் மரத்திலிருந்த குரங்கொன்று எம்மைக் கண்டு கத்திவிட்டது. கலைமான் நிமிர்ந்து முன்காலால் தரையை உதைத்தது. எம் ஒரு முழங்கை நிலத்தில், மற்றது அந்தரத்தில். அந்நேரம் பார்த்து முசுறு எறும்புகள் கழுத்தில் ஏறிக் கடிக்கத் தொடங்கின. கண்ணீர் வழிந்தது, கை அசையவில்லை. இந்த எறும்புக்காகவா பதினோராண்டு காத்திருந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். ஒரு நாழிகை போலத் தோன்றிய நேரத்துக்குப் பின் கலைமான் மூச்சுவிட்டுத் தலை தாழ்த்தியது. மேலும் பத்து முழம் ஊர்ந்து, முள்ளில் ஒரு திறப்புக் கிடைத்ததும் எழுந்து எய்தோம்.

அம்பு முன்தோளின் பின்னால் இறங்கியது. கலைமான் இருபதடி ஓடி, இன்னொரு நெல்லியின் வேரில் சாய்ந்தது. யாம் அதன் கழுத்தில் கை வைத்து, எம்மிடம் தோற்றதற்கு நன்றி கூறினோம். உடும்பி எறும்பைத் தட்டிவிட்டு, சேறு பூசிய எம் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். இதை எழுதும்போது பாசறையெங்கும் பறை முழங்குகிறது. எமக்கோ நிலத்தில் கால் நிற்கவில்லை.

ஆகவே எம் கட்டளை இது. வேட்டையின் முன்தொடை மூத்தவர் பங்கு. குறைவின்றி அனுப்பியுள்ளோம், உண்டருள்க. கோட்டைச் சாவியை இவ்வோலை கொணர்பவரிடம் தருக. நாளைக் காலை வாயிலைத் திறந்துவைத்து, யாம் நுழையுமுன் தாங்கள் காரைவனத்துக்குப் புறப்படுக. இரண்டு பகலும் ஓர் அம்பும் தங்களுக்கு உண்டு. கலைமானோடு மீண்டால் முன்வரிசையில் தங்கள் இருக்கை காத்திருக்கும். மானின்றி மீண்டால், எவராயினும் வாயில் திறக்கலாகாது என்னும் செப்பேட்டு வரி தங்கள் சொந்த வாசகமே.

இன்று காலையும் தாங்கள் ஒரு பேழை அனுப்பியிருந்தீர்கள். அதற்குமுன் யாம் காட்டில் நுழைந்துவிட்டதால் அது திறவாமலே இருக்கிறது; குலுக்கினால் பரல் ஒலிக்கிறது. அதையே எம் அரச வெகுமதியாகத் தங்களுக்கு அனுப்புகிறோம். பூசிக்கொள்க, சிலம்பும் அணிக. அந்திவரை களையலாகாது என்பதைத் தங்களுக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை.

அரச முத்திரை தங்களிடம் இருப்பதால், கலைமானின் கொம்பு நுனியை அரக்கில் பதித்து இவ்வோலையை முடித்தோம். காரைவனத்து வடகரையில், இரண்டாம் பகல் சாயும் வேளையில் எழுதப்பட்டது.

சிறிய தந்தையார் நெடிது வாழ்க. காட்டில் அவர் நடக்கும் திசையெல்லாம், காற்று அவர் முதுகுப்புறமிருந்தே வீசுக.